கவுன்சலர்களே, அடுத்த வெபினாருக்குப் பணம் கட்டும் முன்

வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்தால் போதும், 'சான்றிதழ் உண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டு நாலு வெபினார் அழைப்பாவது கிடக்கும். சேருங்கள், தப்பில்லை. ஆனால் அதை மட்டுமே தொழில் வளர்ச்சி என்று நினைத்தால் ஃபைல்தான் தடிக்கும். 170 சிகிச்சையாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அனுபவம் கூடக் கூட அவர்களிடம் வந்தவர்களுக்குக் கிடைத்த பலன் சராசரியாகக் கூடவில்லை, கொஞ்சம் குறையவே செய்தது.

எங்கே தொடங்குவது? உங்கள் நோட்டுப் புத்தகத்தில்தான். கடந்த ஆறு மாதத்தில் இரண்டாவது சந்திப்போடு நின்றுபோனவர்கள் யார் யார் என்று பாருங்கள். தம்பதிகளா, அப்பா அம்மா இழுத்து வந்த பிளஸ் டூ பிள்ளைகளா, குடிநோயாளியின் மனைவிகளா? எந்த வகை திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் இந்த வருடத்துக்கான உங்கள் பாடத்திட்டம், வெபினாரையும் அதற்கேற்ப எடுங்கள்.

அப்புறம் சூப்பர்விஷன், அதாவது நாம் கையாளும் கேஸ்களை இன்னொரு கவுன்சலரோடு பேசி அலசிப் பார்ப்பது. பிரிட்டனில் பிஏசிபி என்ற கவுன்சலர்கள் சங்கத்தின் அக்ரெடிட்டேஷன் பெற்ற உறுப்பினர்கள் வருடத்துக்கு 30 மணி நேரப் பயிற்சியோடு, நேரடியாக ஆட்களைப் பார்க்கும் காலம் முழுக்க மாதம் ஒன்றரை மணி நேரமாவது சூப்பர்விஷனும் பெற வேண்டும். நம் ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை, அதனால்தான் நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூத்தவர் ஒருவருக்குக் கட்டணம் கொடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் மூன்று நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை உட்காருங்கள். முழுக் கதையையும் சொல்லாமல், நீங்கள் திணறிய அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் கொண்டுவந்து, ஒருவர் கிளையன்ட்டாக நடிக்க, நீங்கள் சொன்ன வாக்கியத்தை வேறு விதமாக இரண்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். பெயரை மறைத்தால் மட்டும் போதாது, சின்ன ஊரில் 'ஜவுளிக்கடைக்காரர் மருமகள்' என்றாலே ஆள் தெரிந்துவிடும், அதனால் தொழிலையும் உறவையும் மாற்றிச் சொல்லுங்கள்.

கிளையன்ட்டிடமும் கேளுங்கள். ஆனால் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் மரியாதைக்காக 'ரொம்ப நல்லா இருந்தது மேடம்' என்றுதான் வரும். 'இன்று பேசியதில் எது உங்களுக்கு உதவவில்லை? ஒன்றாவது சொல்லுங்கள்' என்று கேட்டால் உண்மை மெதுவாக வெளியே வரும்.

சட்டத்துக்கு வருடத்தில் அரை நாள் ஒதுக்குங்கள். பள்ளி கவுன்சலர்களுக்கு இது ரொம்ப முக்கியம். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி புகார் செய்தே ஆக வேண்டும், ரகசியம் காப்பேன் என்று வாக்கு கொடுத்தது அங்கே செல்லாது. தற்கொலைக்கு முயன்றாலே குற்றம் என்ற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. 'போலீஸ் கேஸ் ஆகிடுமா சார்?' என்று ஒரு குடும்பம் பதறிப்போய்க் கேட்கும்போது போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது, பதில் கையில் இருக்க வேண்டும்.