முக்கோணக் கணக்கில் படத்தை நம்பினால்

தக்கலையில் மாலை நேரம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். முக்கோணத்தில் அவர்களுக்கு மதிப்பெண் போவது பெரும்பாலும் சூத்திரம் தெரியாமல் இல்லை, படத்தை நம்பித்தான்.

ஒருநாள் பத்மநாபபுரம் அரண்மனையின் ஓட்டுக்கூரை முகப்பு மாதிரி ஒரு முக்கோணம் போட்டேன். இரண்டு சரிவும் சமம், உச்சிக்கோணம் 100 டிகிரி (நான் போட்ட அளவு, தச்சர் போட்டதல்ல). கீழ்க்கோணங்கள் 40, 40 என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதே முக்கோணத்தை ஒரு சரிவு தரையில் கிடக்கிற மாதிரி திருப்பி வரைந்தேன். பாதிப் பேர், கீழே இருக்கிற இரண்டும்தான் சமம் என்று சாதித்தார்கள். அதில் ஒன்று அந்த 100! இரண்டு சேர்ந்தாலே 200. முக்கோணத்துக்கு மொத்தமே 180தான். சமபக்கங்களுக்கு எதிரே இருக்கும் கோணங்கள்தான் சமம். அவை மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன?

அப்புறம் அதே படத்துக்குப் பரப்பளவு கேட்டேன். சரிந்து நிற்கும் பக்கத்தின் நீளத்தையே உயரமாக எடுத்துக்கொண்டார்கள். சாய்ந்த தென்னையின் உயரத்தை மரத்தோடு ஒட்டியா அளப்போம்? கொண்டையிலிருந்து கயிறு தொங்கவிட்டால் அது மூட்டிலிருந்து விலகித்தான் தரையைத் தொடும். அடிப்பக்கத்தின் ஒரு முனையில் விரிகோணம் இருந்தாலும் அப்படித்தான், குத்துக்கோடு முக்கோணத்துக்கு வெளியே விழும். அடிப்பக்கத்தைப் புள்ளிக்கோட்டால் நீட்டிக்கொள்ளுங்கள்.

பிதாகரஸ் தேற்றத்தைச் செங்கோணம் உறுதியானால் மட்டும் போடுங்கள். 5, 6, 8 செ.மீ. பக்கங்களில் ஒன்று வரைந்து பாருங்கள், கண்ணுக்குச் செங்கோணமாகவே தெரியும். 25-உம் 36-உம் 61, ஆனால் 8-இன் வர்க்கம் 64. அந்தக் கோணம் ஏறக்குறைய 93 டிகிரி.

இரண்டு முக்கோணங்களுக்கு மூன்று கோணமும் சமம் என்றதும் ‘சர்வசமம்’ (வடிவும் அளவும் ஒன்றே) என்று எழுதிவிடாதீர்கள். வடிவொத்தவை, அவ்வளவுதான். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டமும் ஆசிரியர் கரும்பலகையில் வைக்கும் பெரிய மூலைமட்டமும் ஒன்றா?

விடை வந்த பிறகு ஒரு சோதனை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர். கரையில் ஓரிடத்திலிருந்து அதன் ஒரு முனை 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மறுமுனை 600 மீட்டரில் இருக்க வழியே இல்லை. மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக நின்றால் 577-ஐத் தொடக்கூட முடியாது. ஒரு பக்கம் மற்ற இரண்டின் கூடுதலைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 600 என்று வந்தால் பேனாவை மூடாமல் மேலே போய்க் கூட்டலைப் பாருங்கள்.