நற்பணிக்கான நெடுந்தூர சைக்கிள் பயணம்: முதல் முறை செல்பவருக்கான செய்முறை

ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட நெடுந்தூரம் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன், பெரும்பாலானோர் முதலில் அதை அறிவித்துவிடுகிறார்கள்; பயிற்சியும் திட்டமும் அதன் பிறகே வருகின்றன. என் முதல் பயணத்தில் நானும் அதையே செய்தேன். ஏழு நாட்கள், நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அதுவரை ஒரு நாள் பயணங்களை மட்டுமே பார்த்திருந்த உடம்போடு கிளம்பினேன். முதல் நாள் குறையில்லாமல் முடிந்தது. இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரவே முடியவில்லை. மூன்றாம் நாள் பேருந்தில் ஏறிக்கொண்டு, பணம் கொடுத்தவர்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு நான் வகுத்துக்கொண்ட வரிசையைத்தான் இங்கே தருகிறேன். இதில் அறிவிப்பு நான்காவது இடத்தில்தான் வரும்.

படி 1: தூரத்தை நாட்களாகப் பிரித்தல்

மொத்த தூரத்தைக் கேட்பவர்கள் வியப்பார்கள்; ஆனால் ஓட்டுபவருக்கு வேண்டியது அன்றாடக் கணக்கு. 500 கிலோமீட்டர் செல்ல ஏழு நாட்கள் இருந்தால், ஒரு நாளை மழைக்கோ பழுதுக்கோ உடல்நலக் குறைவுக்கோ ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி ஆறு நாட்களால் வகுக்க வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 83 கிலோமீட்டர் வரும். மூட்டையுடன் செல்லும் புதியவருக்கு மணிக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஓட்டும் நேரம் மட்டும் ஐந்து மணிக்கு மேலாகும். உணவு, தண்ணீர், வழி பார்த்தல், படம் எடுத்தல் ஆகியவற்றுக்காக அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் ஏழு மணி நேரம் ஆகிவிடும். புறப்படும் நேரத்தில் தொடங்கி எண்ணிப் பார்த்து, வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் சேர முடியாது என்று தெரிந்தால் அன்றைய தூரத்தைக் குறைத்துவிடுங்கள்.

தூரத்தைப் போலவே ஏற்றத்தையும் எண்ண வேண்டும். வழித்தட வரைபடச் செயலிகள் ஒவ்வொரு நாளும் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று காட்டும். 80 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் ஏற்றம் வந்தால், புதியவருக்கு அது சமவெளியில் 80 கிலோமீட்டர் ஓட்டுவது போன்றதன்று. அப்படிப்பட்ட நாளைப் பாதியாகப் பிரிப்பதே என் வழக்கம். அந்தப் பருவத்தில் காற்று எத்திசையிலிருந்து வீசும் என்பதையும் விசாரித்து, முடிந்தால் காற்று முதுகில் படும்படி பயணத் திசையை அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சைக்கிளை உடம்புக்குப் பொருத்துதல்

புதிய சைக்கிள் வாங்கத் தேவையில்லை. உங்கள் உயரத்துக்கு ஏற்ற சட்டமும், ஏற்றத்தில் கைகொடுக்கும் இலகுவான கியரும், 28 முதல் 35 மில்லிமீட்டர் அகல டயரும் இருந்தால் போதும். கவனம் முழுவதும் சீட்டின் உயரத்தில் இருக்கட்டும். சுவரைப் பிடித்தபடி சீட்டில் அமர்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முழங்கால் தானாகவே சற்று மடங்கும். அந்த மடிப்பு 25 முதல் 35 பாகை வரை இருப்பது பொருத்தமானது. ஓட்டிய பின் முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் மட்டுமே மாற்றி, சீட்டுத் தண்டில் ஒட்டுநாடாவால் அடையாளமிட்டு, இரண்டு பயணம் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த மாற்றத்துக்குப் போக வேண்டும்.

படி 3: இருபது வாரப் பயிற்சி

வாரத்தில் இரண்டு குறுகிய ஓட்டங்களும் ஒரு நீண்ட ஓட்டமும் போதும். நீண்ட ஓட்டத்தை 30 கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டியபின் நான்காம் வாரம் கட்டாயமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தசையும் தசைநாணும் வலுப்பெறுவது அந்த ஓய்வில்தான். இந்த வேகத்தில் 11-ஆம் வாரம் 60 கிலோமீட்டரைக் கடந்திருப்பீர்கள்.

அந்த வாரத்தில்தான் சோதனை. பயணத்தில் எடுத்துச் செல்லும் அதே மூட்டையுடன், அதே உடையில், சனிக்கிழமை 60, ஞாயிற்றுக்கிழமை 60 கிலோமீட்டர் ஓட்டுங்கள். சனிக்கிழமை எப்படி இருந்தது என்பதை நான் பொருட்படுத்துவதே இல்லை; ஞாயிறு காலை முதல் அரை மணி நேரம்தான் உண்மையைச் சொல்லும். சீட்டு உராய்வு, கழுத்துப் பிடிப்பு, மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போவது போன்றவை அப்போது வெளிப்படும். விரல் மரப்பு, உள்ளங்கையில் ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால் வருவது. கை பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுவதும், ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துவதும் உதவும். உராய்வுக்கு, மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும். இதைச் சொல்லும்போது பலர் கூச்சப்படுகிறார்கள். ஆனால் உள்ளாடையின் தையல்தான் தோலை அறுக்கிறது.

அனுபவசாலிகளுக்கும் இந்தப் படிமுறையிலிருந்து விலக்கு இல்லை. 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில், இன்று ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்கச் செல்பவர்கள், முன்னதாக 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை முடித்துக் காட்டியாக வேண்டும்.

13-ஆம் வாரத்திலிருந்து மீண்டும் கூட்டி அன்றாடத் தூரத்தைத் தொட்டுவிட்டு, இரண்டு நாள் ஓட்டத்தை இன்னும் இருமுறை செய்யுங்கள். கடைசிப் பத்து நாட்களில் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

படி 4: நிதி, கணக்கு, அறிவிப்பு

பயிற்சி தொடங்கும்போதே ஒரு பதிவுபெற்ற அறக்கட்டளையைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்து மூலம் அனுமதி பெற்றுவிடலாம். பொது அறிவிப்பு மட்டும் இரண்டு நாள் சோதனை முடிந்த பிறகு வரட்டும். நிதி திரட்ட ஒன்பது வாரம் மீதமிருக்கும். அது போதுமான காலம்.

முதலில் தீர்க்க வேண்டியது, உங்கள் செலவு யாருடையது என்பது. உணவு, தங்குமிடம், டயர் எல்லாவற்றையும் உங்கள் கைப்பணத்திலிருந்து செலவழித்து, நன்கொடை முழுவதும் நேராக அறக்கட்டளையின் கணக்குக்குச் செல்லும்படி அமைப்பதே சிறந்தது. அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் பயணத்தில், ஓட்டுபவர்கள் திரட்டும் தொகை முழுவதும் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்கே செல்கிறது; நடத்தும் செலவுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். அவ்வாறு இயலாவிட்டால், திரட்டுவதில் எவ்வளவு செலவுக்குப் போகும் என்பதை வேண்டுகோளின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இணைய நிதி தளங்கள் கட்டணம் பிடித்தால், பக்கத்தில் தெரியும் தொகையும் போய்ச் சேரும் தொகையும் வேறுபடும். இதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பயணம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற வரி. நான் எழுதத் தவறியது இதைத்தான். ‘உடல்நலமோ வானிலையோ காரணமாகப் பயணம் முடிவடையாவிட்டாலும், பெறப்பட்ட தொகை அறக்கட்டளைக்கே சேரும், கிலோமீட்டர் கணக்கில் வாக்களித்தவர்கள், ஓட்டிய தூரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்’ என்று எழுதிவிட்டால், மூன்றாம் நாள் பேருந்தில் ஏற நேர்ந்தாலும் யாருக்கும் தலைகுனிய வேண்டியிருக்காது.

படி 5: பழுதும் பஞ்சரும்

சைக்கிளைக் கிளம்புவதற்கு முந்தைய நாளில் அல்ல, இரண்டு வாரம் முன்பே பழுது பார்க்கக் கொடுங்கள். புதிய செயினோ பிரேக் கட்டையோ போட்டிருந்தால் அவை ஓடிப் படிய நேரம் வேண்டும். உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை: இரண்டு டியூப், ஒட்டுப்பொருள், இரண்டு டயர் நெம்பி, பம்ப், பல்முனைக் கருவி, செயினின் இணைப்புக் கண்ணி, சிறிய எண்ணெய்க் குப்பி.

பஞ்சர் ஒட்டுவதை வீட்டில் மூன்று முறையாவது செய்து பழகுங்கள். பின்சக்கரம் என்றால் கழற்றும் முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எப்போதும் டயரில் அச்சிட்ட பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுவது என் பழக்கம். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை விரல் தள்ளி இருக்கிறதோ, டயரில் முள் இருப்பதும் அத்தனை விரல் தள்ளித்தான் என்று உடனே தெரிந்துவிடும். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் மெதுவாகத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிச் சில்லும் துணியின் இழையைப் பிடித்து இழுக்கும். அதை எடுக்காமல் புது டியூபை மாட்டினால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் இறங்க வேண்டியதுதான். டயரை ரிம்முக்குள் தள்ளும்போது வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். டயரின் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருந்தால் கடைசி ஒரு சாண் நெம்பி இல்லாமல் கட்டைவிரலாலேயே ஏறிவிடும்.

படி 6: சாலையில்

பசிக்கும் முன் உண்ணுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். நீண்ட வெயில் நாளில் உப்பே சேர்க்காமல் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும்.

எதிர்காற்றில் வேகத்தோடு போட்டியிட வேண்டாம். காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தைவிடப் பன்மடங்கு விரைவாக உயர்வதால், இரண்டு கிலோமீட்டர் வேகம் கூட்ட நீங்கள் கொடுக்கும் விலை மிக அதிகம். கியரைக் குறைத்து, நிமிடத்துக்கு 80 சுற்று அளவில் கால்களைச் சுழலவிட்டு, தாமதமாகவே போய்ச் சேருங்கள். முதல் நாளைச் சலிப்பு வரும் அளவுக்கு மெதுவாக ஓட்டுங்கள். தங்குமிடம் சேர்ந்ததும் முதல் வேலை, படுப்பதற்கு முன், கால்சட்டையைத் துவைத்துக் காயவிடுவது.

படி 7: திரும்பி வந்த பின்

இரண்டு வாரத்துக்குள் கணக்கை வெளியிடுங்கள்: வாக்களிக்கப்பட்டது, வந்தது, தளக் கட்டணம், அறக்கட்டளை பெற்றுக்கொண்ட தொகை, அதற்கான ரசீதின் படம். வாக்களித்தும் அனுப்பாதவர்கள் சிலர் இருப்பார்கள். ஒருமுறை மென்மையாக நினைவூட்டிவிட்டு விட்டுவிடுங்கள். ஓட்டிய தூரத்தையும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தது, வண்டியில் ஏறியது உட்பட, உள்ளபடியே அதே பக்கத்தில் எழுதிவிட்டு, செயினில் படிந்த மண்ணைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.