விரைவுபடுத்திய மூளை எம்.ஆர்.ஐ. படங்களில் போலித் தடங்களைக் குறைப்பது எப்படி?

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறிக் கண்டிக்கு வரும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு, படம் தெளிவில்லை என்று சொல்லி மறு திகதி கொடுப்பது இன்னொரு நாள் பேரையும் (நாட்கூலியையும்) பஸ் செலவையும் பறிப்பதாகும். காத்திருப்போர் அதிகம் என்பதால் ஸ்கேனை விரைவுபடுத்தத்தான் வேண்டும். ஆனால் விரைவு கூடும்போது படத்தில் போலித் தடங்களும், அதாவது உடம்பில் இல்லாமல் படத்தில் மட்டும் தோன்றும் குறைகளும், கூடுகின்றன. அவற்றில் பெரும்பகுதி நம் கையால் தடுக்கக்கூடியவை என்பதாலேயே, இத்துறையில் பணிபுரிவோருக்கும் பயிலும் மாணவருக்கும் இதை எழுதுகிறேன்.

இயந்திரம் சேகரிக்க வேண்டிய தரவு வரிகளில் சிலவற்றை விட்டுவிட்டு, தலைக் கொயிலின் (தலையைச் சுற்றி வைத்துச் சமிக்ஞையை வாங்கும் சுருள்களின் தொகுதி) ஒவ்வொரு உறுப்பும் எந்தப் பக்கத்தை எவ்வளவு நன்றாக உணர்கிறது என்ற தகவலைக் கொண்டு குறையை நிரப்புவதே விரைவுபடுத்தலின் அடிப்படை. 1999இல் வெளியான சென்ஸ், 2002இல் வெளியான கிராப்பா ஆகிய இரு முறைகளும் இந்த வழியில்தான் இயங்குகின்றன. விரைவுக் காரணி 2 என்றால், அதாவது இரண்டில் ஒரு வரியை மட்டும் எடுத்தால், நேரம் ஏறக்குறையப் பாதியாகும்; ஆனால் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் குறைந்தது ஏறக்குறைய 30 சதவீதம் வீழ்ந்துவிடும். காரணி 4 என்றால் அது பாதிக்கும் கீழே போய்விடும்.

முதல் வேலை நோயாளியிடம். எங்கள் பெண்கள் தாலிச் சரட்டில் ஊக்குகளைக் கோத்து வைப்பது வழக்கம். கொண்டை ஊசி, மூக்குத்தி, தாயத்துக் குழாய் ஆகியவையும் இருக்கும். பாதுகாப்புக்காக இவற்றைக் காந்த அறைக்கு வெளியிலேயே கழற்ற வேண்டும். தலைக்கு அருகிலுள்ளவை படத்தையும் கோணலாக்கிவிடும். கண் மையில் இரும்பு ஒட்சைட்டு இருக்கக்கூடும் என்பதால் அதையும் துடைத்துவிடச் சொல்லுங்கள். தலையின் இருபுறமும் நுரை மெத்தைகளை இறுக்கமாக, ஆனால் வலிக்காமல் வையுங்கள். குளிரில் நடுங்கும் உடம்பு தலையையும் அசைக்கும் என்பதால், போர்வை தருவதைத் தாதியின் பொறுப்பென்று விட்டுவிடாதீர்கள். பிறகு அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல்லுங்கள்: “அம்மா, சத்தம் பெருசா கேக்கும், பயப்படாதீங்க. மூச்சு வழக்கம்போல விடலாம், தலைய மட்டும் ஆட்டாம இருங்க.” தமிழ் தெரியாத பணியாளர் கடமையிலிருக்கும் நாளுக்கென இந்த வாசகங்களை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து வைக்கலாம்.

அடுத்தது அளவீட்டு ஸ்கேன். கவனக்குறைவு மிகுதியாக நேர்வது இங்கேதான் என்பது என் கருத்து. சென்ஸ் முறையில் கொயில் உணர்திறன் பெரும்பாலும் தனியாக, ஆரம்பத்திலேயே அளக்கப்படுகிறது. அதன்பின் நோயாளி தலையைத் திருப்பினால், பழைய தலை நிலைக்குரிய தகவலைக் கொண்டு புதிய நிலையின் படம் விரிக்கப்படும் (மடிந்து கிடப்பது பிரித்தெடுக்கப்படும்). விளைவாக, மண்டையோட்டின் வளைந்த விளிம்பு மூளையின் நடுவே மெல்லிய கோடாகத் தோன்றும். அப்போது அந்த வரிசையை (ஒரு வகைப் படத்துக்கான எடுப்பை) மட்டும் மறுபடி எடுப்பதால் பயனில்லை. அளவீட்டு ஸ்கேனையே மீண்டும் எடுக்க வேண்டும். டிஃபியூஷன் (திசுவில் நீர் பரவுவதைக் காட்டும் படம்) போன்ற, ஒரே தூண்டலில் பல வரிகளை அள்ளும் எக்கோ பிளேனர் வரிசைகளில் கிராப்பாவுக்கான அளவீடு தொடக்கத்தின் சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் இருமினால் முழு வரிசையும் கெடும் என்பதால், இருமல் உள்ளவரிடம் இருமி முடிக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

படப் பரப்பு தலையைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. காதையோ மூக்கையோ வெட்டிவிட்டால் சாதாரண ஸ்கேனில் அது படத்தின் எதிர் ஓரத்தில்தான் மடிந்து விழும். சென்ஸில் அந்த மடிப்பு நடுவே வந்து விழக்கூடும். பெரியவர்களுக்கு 220 முதல் 240 மில்லிமீற்றர் வரை பெரும்பாலும் போதும். அகலப் போக்கில் தலை குறுகலானது என்பதால், குறுக்குவெட்டுப் படங்களுக்கு ஃபேஸ் திசையை (தரவு வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லும் திசையை) இடமிருந்து வலமாக வைத்தால் நேரம் மிச்சமாகும். கண் அசைவின் நிழலும் மூளையின் குறுக்கே நீளாது. டிஃபியூஷனுக்கு மட்டும் முன்பின்னாக வையுங்கள். அப்போது திரிபு இருபுறமும் சமச்சீராக இருக்கும். டிஃபியூஷனில் இன்னொரு நன்மையும் உண்டு. விரைவுபடுத்தினால் எக்கோத் தொடர் (ஒரு தூண்டலில் தொடர்ந்து எடுக்கும் வரிகள்) சுருங்குவதால், நெற்றிக் குழிகளுக்கும் காது எலும்புக்கும் அருகில் ஏற்படும் திரிபு குறைகிறது. காந்தப் புலம் வலுவான 3 டெஸ்லா இயந்திரத்தில் இது இன்னும் அவசியம்.

காரணியைத் தெரிவு செய்யும்போது இருபரிமாண வரிசைகளுக்கு 2இல் தொடங்குங்கள். முப்பரிமாண வரிசைகளில் 4 தேவைப்பட்டால், ஒரே திசையில் 4 வைக்காமல் இரு திசைகளுக்கும் 2 வீதம் பகிர்ந்து வையுங்கள். மூளையின் நடுப்பகுதி மட்டும் மணல் தூவியதுபோல் இருந்தால், காரணி அதிகமாகிவிட்டது. கொயில் உறுப்புகளிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அந்த இடமே. ஃபேஸ் திசையில் விளிம்புகள் அலையலையாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது அசைவு. அதற்குக் காரணியைக் குறைப்பது மருந்தாகாது. புரொப்பெல்லர் அல்லது பிளேட் எனப்படும் சுழல் வரிசையை எடுங்கள்.

2007இல் மைக்கேல் லஸ்டிக்கும் சகாக்களும் விவரித்த கம்பிரஸ்ட் சென்சிங் முறையில் (குறைந்த தரவிலிருந்து கணிதத்தால் படத்தை மீட்கும் முறை) சமன்படுத்தும் அளவைக் கூட்டினால், படம் வழவழப்பாகி மெல்லிய நாளங்கள் மறையக்கூடும். செயற்கை நுண்ணறிவு கொண்டு மீட்டெடுக்கும் முறைகளிலும் எச்சரிக்கை தேவை. மூளைப் படங்களை 4 மடங்கும் 8 மடங்கும் விரைவுபடுத்திப் பார்த்த 2020ஆம் ஆண்டின் ஃபாஸ்ட்எம்ஆர்ஐ போட்டியில், உண்மையில் இல்லாத அமைப்புகள் சில படங்களில் தோன்றியதாகக் கதிரியல் வைத்தியர்கள் குறித்தனர். எனவே ஒரு வரிசையில் மட்டும் தெரியும் புள்ளியை மற்றொரு வரிசையிலும் தேடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் அந்த மட்டத்தை (படத் துண்டை) விரைவுபடுத்தாமல் எடுங்கள். என்ன காரணி, என்ன மீட்டெடுப்பு முறை என்பதை வைத்தியருக்குப் போகும் குறிப்பில் ஒரு வரியாக எழுதி அனுப்புங்கள்.