வீட்டிலேயே முதல் கோத் ராக் ஆல்பம்: காவிரி டெல்டாவிலிருந்து ஒரு செய்முறை

கும்பகோணம் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் எங்கள் பேண்டின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்து முடித்திருக்கிறோம். எட்டுப் பாட்டு, எல்லாம் தமிழில். கோத் ராக் என்பது இருட்டும் துக்கமும் கலந்த ராக் இசை. திருவாரூர், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை என்று இந்தப் பக்கம் இதே ஆசையோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கிடார் வாசிக்கவும், ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ட்ராக் போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கிடாரையும் மைக்கையும் லேப்டாப்போடு இணைக்கிற, இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஷூர் எஸ்எம்58 மைக், காதை மூடுகிற ஹெட்போன், இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம்.

படி 1: டிரம்ஸ்

டிரம் கிட் இல்லையே என்ற கவலை வேண்டாம். இந்த இசையில் டிரம் மெஷின் மரபாகவே வந்தது. லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழு டிரம்மருக்குப் பதில் மெஷினை வைத்தே பேர் வாங்கியது. அதற்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயரும் வைத்தார்கள். ஹைட்ரஜன் என்ற இலவச மென்பொருள் தாராளமாகப் போதும். அதில், மனிதர் வாசித்ததுபோல அடிகளைக் கொஞ்சம் முன்பின் ஆக்குகிற ஹியூமனைஸ் வசதியைத் தொடாதீர்கள். மெஷின் மெஷினாகவே அடிக்கட்டும்; இரக்கமில்லாத அந்த அடிக்கு மேல்தான் குரலின் துக்கம் எடுபடும்.

பறை சேர்க்க ஆசையா? சாம்பிள் தேடாதீர்கள். வாசிக்கிறவரை அழைத்து, பேசிய சம்பளத்தைக் கொடுத்து, ஆல்பத்தில் பெயரும் போடுங்கள்.

படி 2: பேஸ்

கோத்தில் மெட்டைத் தூக்கிக்கொண்டு போவது பல நேரம் பேஸ்தான். பிக் வைத்து, மேல் ஃப்ரெட்டுகளில், லேசாக கோரஸ் எஃபெக்ட் போட்டு வாசியுங்கள். கம்பி புதிதாக இருக்கட்டும்.

படி 3: கிடாரும் இரைச்சலும்

எங்களை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த இடம் இது. கிளீன் டோனில் லேசாகக் கேட்கிற அந்த 'ம்ம்ம்', டிஸ்டார்ஷனும் கம்ப்ரஸரும் போட்டவுடன் பாட்டையே மூடிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும்தான் அந்தச் சத்தம். சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் அடைத்துவிடுகிற நாய்ஸ் கேட் போட்டு மறைக்க வேண்டாம். ஒரு நோட் மெல்லத் தேய்ந்து அடங்குகிற வால்தான் கோத் கிடாருக்கு உயிர். கேட் அதைத்தான் வெட்டும்.

முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் சார்ஜர்தான் காரணம். பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள். நிற்கவில்லையென்றால் கிடாரைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்புங்கள். ஒரு திசையில் குறைந்து இன்னொன்றில் கூடினால், பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்றின் இரைச்சலை, கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் வாங்குகிறது: சோக் வைத்த டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கிடார் கம்பியைத் தொட்டதும் குறைகிறதா? கிடாருக்குள் ஷீல்டிங் போதவில்லை, இல்லையென்றால் வீட்டு எர்த் சரியில்லை.

பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எர்த் குழி இருந்தது. கோடையில் மண் காய்ந்துபோய் அது இருந்தும் பயனில்லை. கரியும் உப்பும் புதிதாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் ஆம்ப் அடங்கியது. இரைச்சல் குறைகிறது என்பதற்காக எர்த் பின்னை மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள். கையில் கிடார், உதட்டருகே மைக். ஷாக் அடித்தால் உயிர் போய்விடும்.

படி 4: குரல்

எதிரொலி இல்லாமல் பதிவு செய்யுங்கள். கோரைப்பாயைச் சுவரில் தொங்கவிடுகிறார்கள். அது சத்தத்தை உறிஞ்சாது. இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரிப் பதிவு வேண்டாம்; தவளைச் சத்தம் ஒவ்வொரு இடைவெளியிலும் உட்கார்ந்திருக்கும்.

வரிகள் பற்றி ஒன்று. வௌவால், கோட்டை, பனிமூட்டம் எல்லாம் இங்கிலாந்துக்காரர்களிடமே இருக்கட்டும். ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு இருட்டைக் கடன் வாங்க வேண்டியதில்லை. எங்கள் பாடகரின் அப்பாயி ஒப்பாரி வைக்கும்போது, செத்தவரை முன்னிலையில் நிறுத்தி, "நீ" என்று கூப்பிட்டு, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார். அந்த முறையிலேயே மூன்று பாட்டு எழுதினோம்.

படி 5: மண்டபத்து எதிரொலி

எனக்கு மிகவும் பிடித்த படி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலியாக இருக்கும். மேனேஜரிடம் கேட்டு ஒரு மத்தியான நேரம் வாங்குங்கள். காலையிலும் மாலையிலும் கோயில் ஸ்பீக்கர் விடாது. ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மேடையில் ஒரு பெரிய பலூனை உடையுங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வாசல் பக்கம் மைக்கை வைத்து, 24 பிட்டில், லெவல் சிவப்பைத் தொடாமல் பதிவு செய்யுங்கள். வெடிக்கு முன்னால் இருக்கும் மௌனத்தை வெட்டிவிட்டு, அந்த ஃபைலை ரீப்பரோடு வருகிற ரியாவெர்ப் என்ற ரிவெர்ப் (எதிரொலி) பிளகினில் ஏற்றினால், உங்கள் குரல் அந்த மண்டபத்துக்குள் நின்று பாடும். விலை கொடுத்து வாங்கும் ரிவெர்ப் பிளகின்களைவிட எனக்கு இதுதான் மேல்.

படி 6: மிக்ஸ், வெளியீடு

ரிவெர்பைத் தனி ட்ராக்கில் வைத்து, அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். இல்லாவிட்டால் பேஸ் குழம்பிவிடும். ஸ்பாட்டிஃபை சத்தத்தை -14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தின் அளவு) என்ற அளவுக்குச் சமப்படுத்துகிறது. அதனால் மாஸ்டரிங் என்ற கடைசி மெருகில், சத்தத்தைக் கூட்டுவதற்காகப் பாட்டை நசுக்க வேண்டியதில்லை. பாட்டு யார் எழுதியது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை வெளியிடும் முன்பே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சரி பார்த்தும் கரண்ட் போனால் மட்டும் இரைச்சல் வருகிறது என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவருடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சைன் வேவ் வாங்க வசதிப்படும் வரை ஒரு வழி இருக்கிறது: மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் லேப்டாப், யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ், ஆம்புக்குப் பதில் ஆம்ப் சிமுலேட்டர். ஃபேன் இருக்காது, வியர்க்கும். கிடார் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வாசியுங்கள்.