கான்ஃபரன்ஸ் மாறிய அணிக்குப் பிளேஆஃப் வாய்ப்பு உண்டா என்று கணிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (அமெரிக்கன் ஃபுட்பால்) ஓர் அணியின் பிளேஆஃப் வாய்ப்பை, அதாவது தேசியப் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றில் இடம்பெறும் வாய்ப்பை, எடைபோட விரும்புபவர், வெற்றி தோல்விக் கணக்கைப் பார்ப்பதற்கு முன், அந்த அணி இப்போது எந்தக் கான்ஃபரன்ஸில் (தமக்குள் ஆடி ஒரு சாம்பியனைத் தீர்மானிக்கும் அணிகளின் குழு) ஆடுகிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 2024இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸுக்குச் சென்றன. யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஓரிகன், வாஷிங்டன் ஆகியவை சேர்ந்ததால் பிக் டென் கான்ஃபரன்ஸ் 18 அணிகளாகப் பெருகியது. மற்ற அணிகள் வெளியேறியபின் பேக்-12 கான்ஃபரன்ஸில் எஞ்சிய ஓரிகன் ஸ்டேட்டுக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் கான்ஃபரன்ஸ் சாம்பியனாகப் பிளேஆஃபுக்குள் நுழையும் வழியே அடைபட்டது. களத்தில் எந்தத் தவறும் செய்யாத அணிகளுக்கு இது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து நுழைவு விதியைப் படியுங்கள். 2024இல் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தபோது, தேர்வுக் குழுவின் தரவரிசையில் முன்னிற்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியானது. மீதி ஏழு இடங்கள் தரவரிசைப்படி நிரம்பின. 2025இலும் இதே முறைதான். அவ்வாண்டு பெரிய கான்ஃபரன்ஸான ஏசிசியின் பட்டத்தை வென்ற டியூக் வெளியே நிற்க, சிறிய கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்களான துலேனும் ஜேம்ஸ் மேடிசனும் உள்ளே வந்தன.

பெரிய கான்ஃபரன்ஸ் என்றால் அட்டவணையைத் தனியே ஆராய வேண்டும், ஏனெனில் 18 அணிகளில் எல்லோரும் எல்லோரையும் சந்திக்க முடியாது. 2024இல் பிக் டென் அணியான இண்டியானா வழக்கமான பருவத்தில் ஓரிகனையோ பென் ஸ்டேட்டையோ எதிர்கொள்ளவில்லை. ஓஹியோ ஸ்டேட்டிடம் மட்டும் தோற்று, 11 வெற்றிகளுடன், கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டியில் ஆடாமலேயே பிளேஆஃபில் இடம்பிடித்தது. ஆகவே, யாரை வென்றது என்பதோடு யாரைச் சந்திக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.