ஒரே சதுரத்தில் ஒரு புள்ளிமான் குட்டி: பிறந்த பிள்ளைக்குக் கையால் பின்னிய பரிசு

மச்சாளின் பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு என்ன கொண்டுபோவது என்று யோசித்தபோதே கரடியும் முயலும் வேண்டாம், நம்ம ஊர் மான்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில் மர நிழலில் கால் மடித்துப் படுத்திருக்குமே, அந்த மான். திருகோணமலையில் பிறந்த பிள்ளை நடக்கத் தொடங்கியதும் முதலில் கை நீட்டிக் காட்டப்போகும் மிருகமும் அனேகமாக அதுதான்.

படுத்த மான் என்பதால் கால் தனியாகப் பின்னத் தேவையில்லை. கொம்பும் தேவையில்லை, கிடா மானுக்குத்தான் கொம்பு. முழு உடம்பும் ஒரே சதுரத் துண்டு. சதுரத்தை மடித்து முயல் செய்வது பழைய முறை. காதையும் முதுகையும் கொஞ்சம் மாற்றினால் மான் வந்துவிடும். காஸ்ட் ஓன் போடவும் (ஊசியில் முதல் கண்ணிகளை ஏற்றுவது) நிட் தையல் போடவும் கண்ணியை முடிக்கவும் தெரிந்தால் போதும், அவற்றை இங்கே விளக்கவில்லை.

பிள்ளை இதை வாய்க்குள்தான் வைக்கும். இழுக்கும், எச்சில் படுத்தும், தாய் அதைக் கழுவிக்கொண்டே இருப்பாள். கீழே நான் வேண்டாம் என்று சொல்வதெல்லாம் இதனால்தான்.

சாமான்கள்

நூல்: மண்ணிறத்தில் 8 பிளை (நூலின் தடிப்பு), 50 கிராம் உருண்டை ஒன்று. மிச்சமும் வரும். வெள்ளை, கருப்பு, கடும் மண்ணிறம் கொஞ்சம் கொஞ்சம். என் தெரிவு பருத்தி நூல். நம்ம வெக்கைக்குக் கையில் ஒட்டாது, பிள்ளை சப்பினாலும் வாயில் பஞ்சு வராது. அக்ரிலிக் மலிவு, வேகமாகக் காயும், அதுவும் சரி. ரோமம் ரோமமாக நிற்கும் நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டவே வேண்டாம். மண்ணிற நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூல் பிள்ளைக்கு ஆகாது.

ஊசி: 8 பிளை நூலுக்கு வழமையாக 4 மிமீ ஊசி எடுப்பார்கள். பொம்மைக்கு 3.25 மிமீ எடுங்கள். பின்னல் இறுக்கமாக இருந்தால்தான் பஞ்சு வெளியே தெரியாது. மூங்கில் ஊசி நல்லது, புதுக் கைக்குக் கண்ணி வழுக்காது. தைக்கும் ஊசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடற்காற்றுப் படும் வீட்டில் இரும்பு ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தத் துரு வெள்ளை நூலில் பட்டால் கறை போகாது. தைக்க முன் ஊசியைத் துணியில் துடைத்துப் பாருங்கள்.

பஞ்சு: பொலியெஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சு வீட்டிலேயே இருக்கிறதே என்று நினைப்பீர்கள். தலையணைக்கு அதைப்போல வராது, ஆனால் கழுவினால் கட்டி கட்டியாகிவிடும்.

படி 1: சதுரம்

40 கண்ணி போடுங்கள். எல்லா வரியும் நிட் மட்டும், 80 வரி. இந்தப் பின்னலில் இரண்டு வரி சேர்ந்து ஒரு மேடு வரும். ஒரு மேட்டின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் 40 கண்ணிக்கு 40 மேடு வந்தால் சதுரம். பக்கத்துக்கு 16, 17 செமீ வரும்.

ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியைப் பின்னாமல், நூலை முன்னால் வைத்து, பர்ள் போடுவதுபோல, அதாவது வலப்பக்கத்திலிருந்து கண்ணிக்குள் ஊசியை நுழைத்து அப்படியே மாற்றிவிடுங்கள். பிறகு நூலைப் பின்னால் கொண்டுபோய் மற்றவற்றைப் பின்னுங்கள். ஓரம் சங்கிலிபோல வரும். ஒரு சங்கிலி இரண்டு வரி என்பதால் எண்ணவும் லேசு, பிறகு முதுகைத் தைக்கவும் லேசு. 20வது சங்கிலியில் இரண்டு பக்கமும் வேறு நிற நூலைக் கட்டி வையுங்கள்.

படி 2: புள்ளிகள்

பஞ்சு அடைக்க முன்பே புள்ளிகளைத் தைத்துவிடுங்கள். அப்போதுதான் முடிச்செல்லாம் உள்ளே போகும்.

சதுரத்தின் கீழ்ப்பாதிதான் உடம்பு. இடது ஓரமும் வலது ஓரமும் சந்திக்கும் இடம் முதுகு. ஆகவே ஓரத்திலிருந்து மூன்று கண்ணி விட்டு, வெள்ளை நூலால் ஒரு மேட்டின்மேல் இரண்டு மூன்று தையல் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரு புள்ளி. முதுகோரம் வரிசையாகவும் அதற்குக் கீழே கலைந்தும் போடுங்கள், உண்மையான மானிலும் அப்படித்தான் இருக்கும். நடுவில் 12 கண்ணி வெறுமையாக இருக்கட்டும், அது வயிறு. உருண்டை முடிச்சு போட்டுப் புள்ளி வைக்க வேண்டாம், பிள்ளை நகத்தால் கிள்ளும்.

படி 3: தலை

எனக்கு அதிக நேரம் எடுத்தது இந்த இடம்தான், அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

புள்ளி போட்ட பக்கம் மேசையில் கவிழ்ந்திருக்கட்டும். மண்ணிற நூலை நீளமாக, இரட்டையாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். இடது அடையாளத்திலிருந்து வலது அடையாளம் வரை குறுக்கே ஓட்டுத் தையல். அங்கிருந்து மேலோரத்தின் நடுவுக்கு, அதாவது 20வது கண்ணிக்கும் 21வது கண்ணிக்கும் இடைக்குச் சரிவாக ஏற வேண்டும். பிறகு அதே சரிவில் இடது அடையாளத்துக்கு இறங்க வேண்டும். ஒரு முக்கோணம்.

குறுக்கே ஓட்டுவது சுலபம். சரிவில்தான் கை கோணும். கண்ணால் மட்டிட்டுப் போனால் ஒரு காது பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வரும். எண்ணிப் போங்கள்: ஒரு மேடு ஏறினால் ஒரு கண்ணி உள்ளே, அடுத்த மேடு ஏறினால் இன்னொரு கண்ணி உள்ளே. 20 மேடு ஏறும்போது 20 கண்ணி நகர்ந்து சரியாக நடுவில் நிற்பீர்கள். 40 கண்ணிக்கு 40 மேடு இருந்தால் இந்தக் கணக்குப் பிழைக்காது.

இப்போது முக்கோணத்தின் நடுவில் பஞ்சை வைத்து நூலின் இரண்டு நுனியையும் மெதுவாக இழுங்கள். பஞ்சைக் கட்டியாக வைக்காமல் பிய்த்துப் பிய்த்து வையுங்கள். தலை ஒரு பெரிய தேசிக்காய் அளவு வரும். பஞ்சைச் சுற்றித் துணி கூம்பும்போது மேல் மூலைகள் இரண்டும் காதாக எழும்பும். பார்க்கவே சந்தோசமாக இருக்கும். இறுக்கி இரண்டு மூன்று முடிச்சு போட்டு நுனிகளை உள்ளே தள்ளுங்கள்.

இப்போதைக்கு அது முயல். ஒவ்வொரு காதின் அடியையும் நீளவாக்கில் இரண்டாக மடித்து இரண்டு தையல் போட்டு, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துத் தலையோடு ஒரு தையல். அப்புறம் மான்.

படி 4: உடம்பு

முதுகை மண்ணிற நூலால் தைக்காமல் கடும் மண்ணிற நூலால், சங்கிலிக்குச் சங்கிலி தையுங்கள். புள்ளிமானின் முதுகில் கருமையாக ஒரு கோடு ஓடும், கவனித்திருப்பீர்கள். தையல் தெரியாமல் மறைக்கப் பாடுபடத் தேவையில்லை, அதுவே அந்தக் கோடு. கழுத்திலிருந்து தைத்து வந்து, பஞ்சு அடைத்து, அடியோரத்தைச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டு இழுத்து மூடுங்கள். வெள்ளை நூலில் 5 கண்ணி, 8 வரி பின்னி வாலாக அங்கே தைத்துவிடுங்கள். நூல் குஞ்சம் வேண்டாம், இழை உதிரும்.

படி 5: முகம்

கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைக்கக் கூடாது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் கண்ணும் இந்த வயதுக்கு வேண்டாம். கருப்பு நூலால் பக்கவாட்டில் சற்றுத் தாழ்வாகக் கண்கள், முன்னால் அகலமாக ஒரு மூக்கு. கழுத்து மடிப்புக்குள் ஊசியை நுழைத்துத் தொடங்குங்கள், அங்கேயே முடியுங்கள், முடிச்சு தெரியாது.

கடைசியில் காதையும் வாலையும் பலமாக இழுத்துப் பாருங்கள். வெளியே நிற்கும் நூல் நுனி எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். கழுத்தில் ரிபன் கட்டிக் கொடுக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். கொடுக்க முன் பிள்ளைச் சவர்க்காரத்தில் கழுவி, துவாயில் சுற்றிப் பிழிந்து, உள் பஞ்சு வரை காயவிடுங்கள். மாரி மாதங்களில் அதற்கு நேரம் எடுக்கும், முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

கொடுக்கும்போது தாயிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: ஒரு வயது வரை பிள்ளை தூங்கும் இடத்தில் எந்த மென்பொம்மையும் வைக்கக் கூடாது. முகத்தில் விழுந்தால் மூச்சு அடைக்கும். விழித்து விளையாடும்போது மட்டும், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

பிற்சேர்க்கை: உள்ளே சலங்கை மணி வைக்கலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. தையல் பிரிந்தால் மணி நேரே வாய்க்குத்தான் போகும். அரிசி, பயறும் அப்படியே. போதாததற்கு நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

80 வரி பின்னியும் சதுரம் வரவில்லை என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒரு மூலையை எதிர் ஓரத்தோடு சேர்த்து மடித்துப் பாருங்கள். உயரம் குறைந்தால் இரண்டிரண்டு வரியாகக் கூட்டுங்கள், கூடினால் பிரியுங்கள். அடையாளத்தைப் புதிய உயரத்தின் நடுவுக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

இரட்டைப் பிள்ளைகளுக்குப் பின்னுபவர்கள் இரண்டு உருண்டையையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள். உறையில் சாய எண் அச்சிட்டிருக்கும், இரண்டிலும் ஒரே எண்தானா என்று கடையிலேயே பார்த்து எடுங்கள். எண் மாறினால் ஒரு மான் வெளிறித் தெரியும்.