மல்டிட்ராக் ரெக்கார்டர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மல்டிட்ராக் ரெக்கார்டர் என்பது ஒவ்வொரு ஒலியையும் தனித்தனித் தடத்தில், அதாவது ட்ராக்கில், பதியும் கருவி. அட்டைப்பெட்டியில் '8 ட்ராக்' என்று போட்டிருந்தால் எட்டு மைக்கை ஒரே நேரத்தில் செருகிப் பதியலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பலரும் ஏமாறும் இடம் இதுதான். டாஸ்காம் டிபி-008இஎக்ஸ், ஜூம் ஆர்8 ஆகிய இரண்டு மாடலிலும் எட்டு ட்ராக் உண்டு. ஆனால் ஒரே சமயத்தில் பதிவது இரண்டுதான். முதலில் ஆர்மோனியம், அதன்மேல் குரல், பிறகு தபலா என்று தனியாளாக அடுக்குபவருக்கு அது தாராளம். நாதஸ்வரமும் இரண்டு தவிலும் சேர்ந்து வாசிப்பதைத் தனித்தனி ட்ராக்கில் பிடிக்க, நான்கு இன்புட்டாவது உள்ளதை வாங்குங்கள்.

மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டன்சர் மைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது ரெக்கார்டரே மைக் கேபிள் வழியாக அனுப்பும் மின்சாரம், அவசியம். மெமரி கார்டில் இடமும் வேண்டும்: 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டு எட்டு ட்ராக்கில் 250 எம்பியைத் தொட்டுவிடும்.

ராமநாதபுரம் கடலோர ஊர்களான மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் உப்புக்காற்றுதான் முதல் எதிரி. பழைய கருவி வாங்கினால் ஜாக் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உலோகத்தில் பச்சை பூத்திருந்தால் தொடவே வேண்டாம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வால்யூம் குமிழையும் மெல்லத் திருப்புங்கள். கரகரத்தால் உள்ளே அழுக்கோ அரிப்போ ஏறியிருக்கிறது. வேலை முடிந்ததும் கருவியை மைக்கோடு சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிவையுங்கள். ஈரம் ஏறிய கண்டன்சர் மைக்கில் படபடவென்று பொரிவதுபோல் சத்தம் வரும். பேட்டரியில் ஓடும் மாடலானால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. பல நாள் எடுக்காமல் வைப்பதென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.